மணம் சேர்க்காத மெழுகு

பாசமுள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனிமேல் உன்னைப் பாப்பா என்று கூப்பிடலாமா என்று தெரியவில்லை. அந்தப் பட்டத்துக்கு வாரிசு வந்துவிட்டான். இருந்தாலும் நான் கூப்பிட்டுப் பழகியதை விடுவதாக இல்லை. அவனுக்கு நீங்கள் வேறு பெயர் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. சோயா மெழுகுப் பைகள், திரிக் கட்டு, வாசனை எண்ணெய்ச் சீசாக்கள், தெர்மாமீட்டர் எதுவும் உடையவில்லை. பெட்டி கட்டியது யார்? மாப்பிள்ளை என்றால் அவருக்கு நம் கடையில் எப்போதும் வேலை உண்டு என்று சொல். மேலே நீ வைத்திருந்த துண்டுச் சீட்டையும் பார்த்தோம். "பேரனைவிட மெழுகுவர்த்திதான் பெருசுன்னா நல்லா பண்ணும்மா" என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அதைப் படித்தாள், மடித்தாள், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். பிறகு வெகுநேரம் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். கடையில் இருந்து பேசினால் ஜாடி கழுவும் அக்காவின் காது என் சட்டைப் பையில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். நான் எழுதியது உன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைப்பது சரக்கு விற்கும்போது மட்டும்தான் எனக்கு வரும்.

உன் அம்மாவுக்கு வாசனை தெரிவதில்லை. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்ததே, நீ வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாய் என்று உன்னிடம் பாதி மறைத்தோமே, அது போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மணம், நாற்றம், புகை எதுவுமே எட்டவில்லை. எனக்கே முதலில் தெரியாது. அவள் சொல்லவில்லை.

நம் கடை எதில் நின்றது என்று உனக்குத் தெரியும். நான் சைக்கிளில் பழைய கண்ணாடி ஜாடி வாங்கி வந்து கொட்டிய காலத்திலேயே, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து இது வினிகர், இது இருமல் மருந்து, இது மண்ணெண்ணெய் என்று பிரித்துப் போட்டவள் அவள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் முன்னாலும் வந்த பின்னாலும் அவள் மூக்கைத் தாண்டாமல் ஒரு ஜாடி வெளியே போனதில்லை. "உங்க வீட்டம்மா மோந்துட்டாங்களா? அப்ப மூடியப் போட்டு அனுப்புங்க" என்று போனிலேயே சரக்கு எடுத்தவர்கள் எத்தனை பேர். பேசியது என் வாய்தான். நம்பியது அவள் மூக்கை.

அப்படிப்பட்ட கடையில் இருந்து, காய்ச்சலுக்குப் பிறகு தேன் கம்பெனிக்காரருக்குப் போன ஜாடிகள் மண்ணெண்ணெய் வாடையோடு திரும்பி வந்தன. அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "அண்ணே, வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று கேட்டார். உன் அம்மா ஜாடி கழுவும் அக்காவைப் பிடித்துக் காய்ச்சினாள். அந்த அக்கா ஒரு ஜாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "நீங்களே மோந்து சொல்லுங்கக்கா, இது கழுவுனதா கழுவாததா?" என்றாள். உன் அம்மா ஜாடியை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். திரும்பலாம், மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலம் என்று நாலு சின்னச் சீசா கொடுத்து, காலையும் மாலையும் நிதானமாக முகர்ந்து, அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு நாள் செய்தாள். பிறகு அலமாரியில் வைத்துவிட்டாள். "ஊரு ஜாடியெல்லாம் மோந்தவள ஒண்ணுமில்லாத சீசாவ மோந்து பாருங்கறாரு" என்றாள்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். பிரசவத்துக்கு வராததற்குக் காய்ச்சல் காரணம். அதற்குப் பிறகும் வராமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பால் திரிந்தது தெரியாது, அடுப்பில் கேஸ் திறந்திருந்தால் தெரியாது, குழந்தை துணியை நனைத்தால்கூடத் தெரியாது என்று பயப்படுகிறாள். நீ போனில் எப்போது வருகிறாய் என்று பிடித்துக் கேட்டபோது, எதிரே திரும்பி வந்த ஜாடிகள் அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே, "இதுல மெழுகு ஊத்தி விக்கலாம்னு இருக்கேன், வேலை தலைக்கு மேல இருக்கு" என்று அடித்துவிட்டாள். நீ கோபித்துக்கொண்டு, அதே கையோடு மெழுகையும் அனுப்பிவிட்டாய். உன் அப்பனுக்குப் பிறந்தவள் நீ. இப்போது அந்தப் பொய்யை நிஜமாக்கியே தீர வேண்டும் என்று அவள் அடுப்படியில் நிற்கிறாள்.

உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. கோபத்தை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்.

பேரனின் உள்ளங்காலுக்கு என் முத்தம்.
அப்பா

*

பாப்பா,

உன் பதிலைக் கடை முகவரிக்குப் போட்டது கெட்டிக்காரத்தனம். படித்தேன். அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது. அழாதே, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்.

மெழுகு சமாசாரம் கேட்டிருந்தாய். சோயா மெழுகு நான் நினைத்த மாதிரி கட்டியாக இல்லை, சீவிய சோப்பு மாதிரி செதில் செதிலாக இருக்கிறது. சீக்கிரம் உருகுகிறது. தண்ணீர் காயும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து அதில்தான் உருக்க வேண்டும், நேரடி நெருப்பு ஆகாது. சிந்தினாலும் வெந்நீரும் சோப்பும் போதும். இது வரைக்கும் நல்ல சரக்கு. ஆனால் பொறுமை கேட்கிறது பார், அது எனக்கு ஆகாத சங்கதி. சூட்டோடு ஊற்றினால் ஆறும்போது நடுவில் பள்ளம் விழுகிறது. ரொம்ப ஆறவிட்டால் மேலே கரடுமுரடாகிவிடுகிறது. கண்ணாடியில் ஒட்டின இடமும் ஒட்டாத இடமுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. திரி மெல்லியதாக இருந்தால் நடுவில் மட்டும் கிணறு மாதிரி எரிந்துகொண்டு போகிறது, ஓரத்து மெழுகு அப்படியே சுவராக நிற்கிறது.

ஜாடியில் மட்டும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. கழுத்து குறுகினதையும் மெல்லிசுக் கண்ணாடியையும் ஒதுக்கிவிட்டு, அடியில் கனமான, நேராக நிற்கிற வாயகன்ற ஜாடிகளாக எடுத்துக் கொடுத்தேன். தேன் கம்பெனி ஜாடிகளைத் திரும்பத் திரும்பக் கழுவி, வாடை போயிற்றா என்று நானே முகர்ந்தேன். ஜாடி கழுவும் அக்கா தொட்டியில் இருந்து தலையைத் தூக்கி, "முதலாளி, இந்த மூக்கு சோறு திங்கக்கூட லாயக்கில்லாததாச்சே" என்றாள். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

முதல் ஈடு ஊற்றியபோது நான் கடையில் இருந்தேன். சோயா மெழுகில் வாசனை எண்ணெயைச் சூடு சரியாக இருக்கும்போது அளந்து ஊற்றி, அடிக்காமல் மெதுவாகக் கலக்க வேண்டும் என்று நீ அனுப்பிய தாளில் போட்டிருக்கிறது. உன் அம்மா தாளைப் படித்தாள். ஆனால் கை அவள் கை ஆயிற்றே. சாறு வைத்தாலும் காப்பி கலந்தாலும் முகர்ந்து பார்த்துப் போடுகிற கை. எண்ணெயை ஊற்றிக் குனிந்து முகர்ந்திருக்கிறாள். ஒன்றும் வரவில்லை. பத்தவில்லை என்று இன்னும் ஊற்றியிருக்கிறாள். அப்புறமும் வரவில்லை. சீசா காலி.

நான் தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தும்மல். மாடிவீட்டுக்காரர் படியில் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன சார், சென்ட் லாரி எதுவும் கவுந்துடுச்சா?" என்றார். உள்ளே போனால் உன் அம்மா நடுவில் நிற்கிறாள், கண் சிவந்திருக்கிறது, எரிச்சலால் என்று நினைத்தேன். "வாசம் வருதா?" என்று என்னைக் கேட்டாள். பாப்பா, நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ மழுப்பியிருக்கிறேன். அன்று சரியாக வாய் வரவில்லை. "லேசா" என்றேன். அதற்குள் நாலு தடவை தும்மிவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். மறுநாள் அந்த ஜாடிகளின் மேலெல்லாம் எண்ணெய் வியர்த்து நின்றது. கொளுத்தினால் ஆபத்து. ஓரமாக எடுத்துப் போட்டோம்.

அதற்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் வீட்டு அடுப்பு ஞாபகம் வருகிறது. சரக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வீட்டுக்கு ஓடுகிறேன். கண்ணாடி மறந்துவிட்டேன், சாவி மறந்துவிட்டேன் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கேஸ் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினேன். அதைப் பார்த்து, "எம் மூக்கு போயிடுச்சுன்னு நாய் வாங்கிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். அன்றிலிருந்து அதற்கு நாய் என்றே பெயர்.

இரண்டாம் ஈட்டை நான் தராசோடு பக்கத்தில் நின்று ஊற்ற வைத்தேன். அளவுச் சண்டை ஆயிற்று, அதை விடு. எலுமிச்சை, கிராம்பு, லாவெண்டர் மூன்றும் சரியாக வந்தன. மூடி போட்டு, மூடிமேல் பெயர் ஒட்டி அடுக்கினாள். இரண்டு வாரம் தொடாமல் வைத்தால்தான் மெழுகும் வாசனையும் சேருமாம். நான் நாலாம் நாளே ஒன்றைக் கொளுத்தப் போய்த் திட்டு வாங்கினேன்.

நாள் கழிந்து திறந்தோம். உன் அம்மா எலுமிச்சை ஜாடியை முகர்ந்துவிட்டு, "கொஞ்சம் வருதுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் எல்லாருக்கும் டீ சொன்னேன். மறுநாளும் வருது என்றாள். ஆனால் என் புத்தி வியாபாரி புத்தி. மேல்வரிசையைப் பார்த்து மூட்டையை வாங்கிப் பழக்கமில்லை. அவள் குளிக்கப் போனபோது எலுமிச்சை மூடியையும் கிராம்பு மூடியையும் மாற்றிப் போட்டுவிட்டேன். அவள் வந்தாள், எலுமிச்சை என்று ஒட்டியதைத் திறந்து முகர்ந்தாள். "எலுமிச்ச நல்லா வருது" என்றாள். அதில் கிராம்பு.

நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் மார்க்கெட்டை இரண்டு சுற்று சுற்றினேன். எனக்காகத்தானே பொய் சொல்கிறாள், அதை நான் போய்ப் பிடித்துவிட்டேனே என்று இருந்தது. மூடிகளைத் திரும்ப மாற்றிவைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

இப்போது ஓர் உதவி கேட்கிறேன், ஏன் எதற்கு என்று கேட்காதே. பேரன் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை, துவைக்காமல், அப்படியே காற்றுப் புகாத பையில் வைத்து அனுப்பு. எலுமிச்சையும் கிராம்பும் அவளுக்கு யார்? டாக்டர் கொடுத்தால் முகர வேண்டும் என்று என்ன இருக்கிறது? முகர்ந்தே ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுகிற ஒன்று வேண்டும். இதுதான் என் கணக்கு. தப்பாகவும் போகலாம். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அப்பா

*

அன்பு மகளுக்கு,

சட்டை வந்தது. கடைக்குத்தான் வந்திருக்க வேண்டும், நீ பழக்கத்தில் வீட்டு முகவரி போட்டுவிட்டாய். உன் அம்மாவே கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துவிட்டாள். நான் மதியம் போகிறேன், மேசைமேல் அந்தக் குட்டிச் சட்டை, கழுத்தில் பால் கறை. அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"பெத்த பொண்ணு துவைக்காத துணிய எதுக்கு அனுப்புவா? எழுதிட்டீங்க, இல்ல?" என்றாள்.

மழுப்பிப் பார்த்தேன். நடக்கவில்லை. எழுதிவிட்டேன் என்றேன். மூடி மாற்றிய கதையும் வெளியே வந்தாக வேண்டியதுதானே என்று அதையும் சொல்ல வாயெடுத்தேன். "அது தெரியும்" என்றாள். எலுமிச்சை ஊற்றிய ஜாடிகளுக்கு அடியில் வட்ட அச்சு, கிராம்பு ஊற்றியதற்கு நட்சத்திர அச்சு. ஊற்றும்போதே அப்படிப் பார்த்துப் பிரித்திருக்கிறாள். கையில் எடுத்தவுடனே அடியைத் தடவித் தெரிந்துகொண்டாளாம். காலமெல்லாம் ஜாடி விற்றவன் நான். மூடியை மாற்றினேனே தவிர, அடியைப் பார்க்கத் தோன்றவில்லை.

பின்னே தெரிந்துகொண்டே ஏன் எலுமிச்சை என்றாய் என்று கேட்டேன். "தெரியலன்னு நான் சொன்னா நீங்க நம்புறதில்ல. வரும், வரும்னு எனக்கே சமாதானம் சொல்லுவீங்க. நீங்களா சோதிச்சுப் பாத்தா நம்புவீங்கன்னுதான் தப்பாச் சொன்னேன்" என்றாள். அப்படியானால் அதற்கு முந்தின நாள் வருது என்று சொன்னது எதற்கு என்றேன். "அது உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னது. டீ வாங்கிக் குடுத்துட்டுத் திரிஞ்சீங்களே." நான் வாழ்க்கையில் யாரிடமும் இப்படிப் பேரத்தில் தோற்றதில்லை, பாப்பா.

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வந்தது, காப்பி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. உன்னிடம் சொன்னது பிடிக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பாரத்தை ஏற்றிவிட்டேனாம். நான் ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "தரை தேயுது" என்றாள். பேசிவிட்டாளே என்று திரும்பினேன், அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அலமாரியைப் பார்த்தேன். டாக்டர் கொடுத்த நாலு சீசாவும் துடைத்து வரிசையாக நின்றன. பக்கத்தில் அஞ்சாவதாக நம் கடையின் பெரிய வாயகன்ற ஜாடி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கி மூடுகிற ரகம். உள்ளே சட்டை. நான் கிட்டப் போய் மூடியில் கை வைத்தேன். அடுப்படியில் இருந்து குரல்: "தொறந்து தொறந்து பாத்தா இருக்கறதும் போயிடும். கைய எடுங்க."

அதன் பிறகு காலையும் மாலையும் அவள் அந்த வரிசையில் உட்காருவதைப் பார்த்தேன். நாலையும் கடமைக்கு முகர்வாள். அஞ்சாவதைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். வருகிறதா என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இத்தனை பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. கடைக்குப் போய் ஜாடி கழுவும் அக்காவிடம் சும்மாவே சண்டை போட்டுவிட்டு வருவேன்.

இடையில் மெழுகையும் அவள் விடவில்லை. புதிதாக ஓர் ஈடு ஊற்றினாள். வாசனை எண்ணெயே சேர்க்கவில்லை. வெறும் சோயா மெழுகும் திரியும். தெர்மாமீட்டரைப் பார்த்து, ஜாடியைக் கொஞ்சம் சூடாக்கி, அவசரமில்லாமல் ஊற்றினாள். பள்ளம் இல்லை, திட்டு இல்லை. பால் உறைந்த மாதிரி வெள்ளையாக வந்தது. "வாசனை இல்லாத மெழுகுவர்த்திய யாரு வாங்குவா?" என்றேன். "என்ன மாதிரி ஆளு வாங்குவாங்க. மாடிவீட்டுக்காரர் மாதிரி ஆளும் வாங்குவாங்க" என்றாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மாடிவீட்டுக்காரர் நிஜமாகவே வாங்கிக்கொண்டு போனார். சாப்பாட்டு மேசையில் ஏற்றுகிறாராம், சாப்பாட்டு வாசனையைக் கெடுக்காமல் இருக்கிறதாம்.

நேற்றுக் காலையில் அவள் அஞ்சாவது ஜாடியை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். சட்டையை வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தாள். "இதுல இருந்தது போயிடுச்சா, எனக்குத்தான் வரலையான்னு தெரியல. துணியில என்ன இருக்கும்? நேர்ல போய்த்தான் பாக்கணும். டிக்கெட் போடுங்க" என்றாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினேன். வாசலில் கூப்பிட்டு நிறுத்தி, "ஒருத்திக்குப் போடுங்க. கடைய யாரு பாக்கறது?" என்றாள்.

ஆக, உன் அம்மா வருகிறாள். நாள் முடிவானதும் போனில் சொல்கிறேன், இனி ஸ்பீக்கரில் போட்டாலும் பயமில்லை. சுவரில் இருந்த நாயையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். உன் வீட்டு அடுப்புக்கு மேலே அதை மாட்ட மாப்பிள்ளையிடம் சொல். பாலுக்கு வாங்கின தேதி எழுதி ஒட்டு, அவள் பார்த்துக்கொள்வாள். மூக்கு செய்த வேலையைக் கண்ணும் கையும் செய்யப் பழகிக்கொண்டுவிட்டன, அதை நான் சொல்லாமலே நீ தெரிந்துகொள்வாய். வெள்ளை மெழுகுவர்த்தியில் நல்லதாக நாலு உனக்கு எடுத்துவைத்திருக்கிறாள். பிள்ளை இருக்கிற வீட்டில் வாசனை வேண்டாம் என்றாள்.

இங்கே என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்குச் சமைக்கத் தெரியும், கேஸ் திருகையும் அணைக்கத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அணைக்கிறேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

கடைசியாக ஒன்று, அப்பா கெஞ்சிக் கேட்டுக்கொள்வதாக வைத்துக்கொள். அவள் வாசலில் நுழைந்ததும் கை கழுவிவிட்டுப் பேரனைத் தூக்குவாள். தூக்கியதும் அவன் உச்சந்தலையில் மூக்கை வைப்பாள். வெகுநேரம் வைத்திருப்பாள். அப்போது நீ பக்கத்தில் நில், ஆனால் வருதாம்மா என்று கேட்காதே. முகத்தையும் பார்க்காதே. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் உன் தலையையும் கொஞ்சம் குனிந்து கொடு.

என் பங்குக்கும் அவளே முகர்ந்துகொள்ளட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அப்பா